மகள் வாங்கிய பழைய கார்



போன வாரம் என் மகள் ஒரு படம் போட்டிருந்தாள். தலையில் ஹெல்மெட்டோடு நான் ஒரு வெள்ளி நிற ஸ்போர்ட்ஸ் கார் பக்கத்தில் நிற்கிறேன். அதைப் பார்த்ததிலிருந்து போன் மேல் போன். "சார், ரிட்டயர்மென்ட் பணத்தில் கார் வாங்கிட்டீங்களா?" என்று 98 செட் கேட்கிறது. "மாமா, இந்த வயசுல ரேஸா?" என்று துறையூரிலிருந்து தங்கச்சி மகன் கேட்கிறான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியாது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கார் என்னுடையது இல்லை. என்னுடையது இன்றும் அதே டி.வி.எஸ். எக்ஸ்.எல். தான், வீட்டில் சாக்கு போர்த்தி நிற்கிறது. கார் மகளுடையது. அதைத் தேர்ந்தெடுக்க நானும் கூடப் போனேன். அது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

புது பைக் வாங்கிவிட்டு இனிப்புப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தவர்கள் உங்களில் பலர். "சார், உங்க கையால சாவியைத் தொட்டுக் குடுங்க" என்பீர்கள். நான் ஏதாவது பேச்சை மாற்றி உள்ளே போய்விடுவேன். சிலருக்கு அதில் வருத்தம் உண்டு என்றும் எனக்குத் தெரியும். காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2004-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் பிளஸ் டூவில் 1,090 மார்க் வாங்கினான். பெயர் வேண்டாம், ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பைக் கேட்டான். அவன் அப்பா தயங்கினார். பையன் என்னிடம் வந்து நின்றான். நான்தான் அவன் அப்பாவிடம் போய், "நல்ல பையன், பொறுப்பானவன், வாங்கிக் குடுங்க" என்று பேசினேன். ஷோரூமுக்கும் கூடப் போனேன். சாவியை வாங்கி அவன் கையில் கொடுத்தது நான்தான். மூன்றாவது வாரம், இரவு, பைபாஸில் விளக்கில்லாமல் நின்றிருந்த லாரி. வேகமாக வந்திருக்கிறான். ஹெல்மெட் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் அப்பா இதுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றிலிருந்து நான் யார் வண்டி சாவியையும் தொட்டதில்லை.

இப்போது மகள் கதைக்கு வருகிறேன். அவளும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தில், டார்ட்ஃபோர்டில் இருக்கிறார்கள். பேரனைப் பார்த்துக்கொள்ள நானும் வீட்டுக்காரம்மாவும் ஆறு மாதம் வந்திருக்கிறோம். வந்த இரண்டாவது வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் சொன்னாள், "அப்பா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. ரெண்டு வருஷமா நான் டிராக்கில் கார் ஓட்டறேன்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அம்மா, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி ரேஸு?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

அது ரேஸ் இல்லையாம். டிராக் டே என்கிறார்கள். பணம் கட்டினால் ஒரு நாள் முழுக்க பந்தயத் தடத்தில் நம் சொந்த காரை ஓட்டலாம். யாரும் நேரம் குறிக்க மாட்டார்கள், முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. முன்னால் போகிறவர் ஒதுங்கி வழி விட்டால் மட்டுமே தாண்டலாம். எதிரே வண்டி வராது. நாய், மாடு, சைக்கிள், விளக்கில்லாத லாரி எதுவும் கிடையாது. இவள் ஒரு பழைய மாஸ்டா எம்.எக்ஸ்-5 வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். சுமார் ஒரு டன் எடையுள்ள சின்ன கார். உதிரி பாகம் மலிவு, தப்பு செய்தால் மெதுவாகச் சொல்லிக்கொடுக்கும், அதனால் பழகுகிறவர்கள் பலர் அதில்தான் தொடங்குகிறார்களாம். இப்போது அடுத்த வகுப்புக்குப் போக வேண்டும், பழைய போர்ஷே கேமன் ஒன்று பார்க்கிறேன் என்றாள். "நீங்க வாங்கப்பா. பேப்பர் பார்க்கறதுல உங்களை மிஞ்ச ஆள் இல்லை."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. போகாமல் இருந்தாலும் அவள் வாங்கத்தான் போகிறாள். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வாங்குவாளே என்ற பயம், சாவியைத் தொடும் பயத்தை விடப் பெரிதாக இருந்தது. காலையில் சரி என்றேன்.

அவள் கையில் இருந்தது இருபதாயிரம் பவுண்டு. அதில் நாலாயிரத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டாள். சோதனைச் செலவு, டயர், பிரேக், எதிர்பாராமல் வரும் ரிப்பேர் எல்லாம் அதற்குள். காருக்குப் பதினாறாயிரம்தான். கையில் இருப்பதையெல்லாம் கொட்டி காரை வாங்கிவிட்டு, டயருக்குக் காசில்லாமல் வழுவழு டயரில் ஓட்டுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்றாள். என் மகளா இப்படிப் பேசுகிறாள் என்று இருந்தது.

முதலில் பார்த்தது 2007 மாடல் கேமன் எஸ், 3.4 லிட்டர் இன்ஜின். செக்கச்செவேல் என்று இருந்தது. ஓடியது 52,000 மைல்தான். மகளுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. விற்கிறவர் நன்றாகப் பேசினார். டிராக் பக்கமே போனதில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பேன் என்றார்.

இங்கே மூன்று வயது தாண்டிய கார்கள் வருடாவருடம் எம்.ஓ.டி. என்ற சோதனைக்குப் போக வேண்டும், நம் ஊர் எஃப்.சி. மாதிரி. அந்த முடிவுகள் எல்லாம் அரசாங்க இணையதளத்தில் இருக்கின்றன. வண்டி நம்பரைப் போட்டால் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். எந்த வருடம் எத்தனை மைல், எதில் பாஸ், எதில் ஃபெயில், எதைக் கவனிக்கச் சொன்னார்கள் என்று வரிசையாக வருகிறது. முப்பத்தைந்து வருடம் முன்னேற்ற அறிக்கை எழுதியவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன்.

2021 சோதனையில் 50,900 மைல். பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன என்று குறிப்பு. விற்கிறவர் கொடுத்த ஃபைலில் இரண்டு மாதம் கழித்துப் புது பின் டயர் வாங்கிய பில் இருந்தது. நல்லது. அடுத்த வருடச் சோதனையில் 51,700 மைல். பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன என்று மறுபடியும் அதே குறிப்பு! பல ஆயிரம் மைல் வர வேண்டிய டயர் 800 மைலுக்குள் எப்படித் தேயும்? வெளியே விளையாடவே போகவில்லை சார் என்று சொல்கிற பையன் முழங்காலில் செம்மண் ஒட்டியிருந்த கதைதான்.

மகள் அவரிடம் மெதுவாகக் கேட்டாள். ஃப்ரெண்ட் ஒருத்தர் ஒன்றிரண்டு தடவை டிராக்குக்கு எடுத்துப் போனார் என்று இழுத்தார். திரும்பி வரும்போது காரில் மகள் சொன்னாள், "டிராக்குக்குப் போனது தப்பில்லைப்பா. நாமளும் அதுக்குத்தானே வாங்கறோம். மறைச்சதுதான் தப்பு."

சொல்லிவிட்டு அவளே மௌனமாகிவிட்டாள். கொஞ்ச தூரம் போனபிறகு, "நானும் ரெண்டு வருஷம் மறைச்சேன்ல" என்றாள். சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த இன்ஜினில் வேறு ஒரு விஷயமும் உண்டு. 2008 வரை வந்த கேமன்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று ஒரு தண்டு இருக்கிறது. அதன் பேரிங் உடைந்தால் இன்ஜினே போய்விடும். எல்லா வண்டியிலும் உடைவதில்லை, உடைந்தால் செலவு தாங்காது. 3.4 லிட்டரில் சிலிண்டர் சுவரில் கீறல் விழுவதும் உண்டு. 2009-இல் புதிதாக வடிவமைத்த இன்ஜினில் அந்தத் தண்டே கிடையாது. எனவே 2009-க்குப் பிந்தைய 2.9 லிட்டர் போதும் என்று முடிவு செய்தோம். 265 குதிரைத்திறன். எனக்கு அதுவே அதிகமாகத்தான் பட்டது.

இரண்டாவதாகப் பார்த்தது 2010 மாடல், வெள்ளி நிறம், 88,000 மைல். முதலில் மைலைப் பார்த்து மகள் வேண்டாம் என்றாள். நான்தான் ஃபைலைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றேன். விற்கிறவருக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். ஒவ்வொரு ஆயில் மாற்றிய பில்லும் தேதிவாரியாக அடுக்கியிருந்தார். குறைகளை அவரே சொன்னார். ஏசி கண்டென்சர் அரித்திருக்கிறது, முன்பக்க ரேடியேட்டரில் இலைச் சருகு சேரும், அடிக்கடி எடுக்க வேண்டும் என்றார். டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு எண், செய்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2214 என்றால் 2014-ஆம் வருடம் 22-ஆம் வாரம். குனிந்து நான்கையும் பார்த்தேன். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே வருடம்.

அதோடு விடவில்லை. இந்தக் கார்களை மட்டுமே பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் முந்நூறு பவுண்டு கொடுத்துச் சோதிக்கச் சொன்னோம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகச் சின்ன கேமராவை விட்டு சிலிண்டர் சுவரைக் காட்டினார். போன வருடம் வீட்டுக்காரம்மாவுக்கு எண்டோஸ்கோப்பி செய்தார்களே, அதே மாதிரி. பிறகு கம்ப்யூட்டரை மாட்டி இன்னொரு கணக்கு எடுத்தார். இன்ஜின் எத்தனை தடவை வரம்புக்கு மேல் சுழன்றது, கடைசியாக எப்போது என்பதைக் கார் தானே குறித்து வைத்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை மட்டும் மிதித்தால் கார் தானே தடுத்துவிடும். நாலாவது கியருக்குப் பதில் அவசரத்தில் இரண்டாவதைப் போட்டால் தடுக்க முடியாது, அது அப்படியே பதிவாகிவிடும். இந்தக் காரில் மேல் கட்டங்கள் எல்லாம் பூஜ்யம். நான் நடத்தைக்கு 'மிக நன்று' போட்டேன்.

சின்னக் குறைகளின் பட்டியலைக் காட்டி 900 பவுண்டு குறைத்து வாங்கினோம். அவர் சாவியை மகளிடம் நீட்டினார். மகள் என்னைப் பார்த்தாள். "நீங்க வாங்கிக் குடுங்கப்பா" என்றாள். அவளுக்கு அந்தப் பையன் கதை தெரியாது. கை நடுங்கியதைக் குளிர் என்று நினைத்திருப்பாள். வாங்கிக் கொடுத்தேன்.

டிராக்குக்குப் போகும் முன் இன்ஜினைக் கூட்டுவது, சத்தத்தைக் கூட்டுவது எதுவும் செய்யவில்லை. சத்தம் கூடினால் அங்கே அளந்து பார்த்து வெளியே அனுப்பிவிடுவார்களாம். செய்ததெல்லாம் இவ்வளவுதான்: டிராக்குக்கு ஏற்ற பிரேக் பேட், புது பிரேக் ஆயில், புது இன்ஜின் ஆயில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடுத்தடுத்து அழுத்திப் பிடிக்கும்போது சூட்டில் அந்த ஈரம் ஆவியாகும். திரவத்தை அமுக்க முடியாது, வாயுவை அமுக்கலாம் என்று எட்டாம் வகுப்பில் சொன்னேனே, நினைவிருக்கிறதா? பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் டிராக்கில் செல்லாது என்பதால் அந்த நாளுக்குத் தனி இன்சூரன்ஸும் எடுத்தாள்.

பிராண்ட்ஸ் ஹாட்ச் என்ற தடம் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். 1964 முதல் 1986 வரை பிரிட்டிஷ் கிராண்ட் பிரி 12 முறை அங்கே நடந்திருக்கிறது. நாங்கள் போனது அதில் சின்னச் சுற்று, சுமார் 1.9 கிலோமீட்டர். காலையில் எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பு. எந்தக் கொடிக்கு என்ன அர்த்தம், எங்கே தாண்டலாம், எங்கே கூடாது. தாமதமாக வந்தவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார் அந்த ஆள். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

மத்தியானம் பணம் கட்டி, கையெழுத்துப் போட்டு, ஹெல்மெட் மாட்டி நானும் ஏறினேன். நீங்கள் பார்த்த படம் அப்போது எடுத்தது. முதல் வளைவு பேடாக் ஹில். வலப்பக்கம் திரும்பும்போதே தரை கீழே இறங்கிவிடுகிறது. திருவிழா ராட்டினத்தில் மேலிருந்து கீழே வருவதுபோல வயிறு தொண்டைக்கு வந்தது. பெருமாளைக் கூப்பிட்டேன். ஆனால் இரண்டு சுற்றுக்குப் பிறகு மகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கிறாள். கண் அடுத்த வளைவில் இருக்கிறது. பின்னால் ஒருவர் வேகமாக வந்தார், இவள் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி வழி விட்டாள். அதில் அவளுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிட்டு வந்தாள்.

சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது சாலையில் ஐம்பது மைலுக்கு மேல் போகவில்லை. "இங்கே எதுக்குப்பா?" என்றாள்.

அன்றிரவு அந்தப் பையனின் அப்பாவுக்குப் போன் செய்தேன். இங்கே பத்து மணி என்றால் அங்கே விடியும் முன். அவர் அதிகாலையிலேயே எழுகிறவர். சாவி வாங்கிக் கொடுத்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், "பாப்பா ஹெல்மெட் போட்டுச்சா சார்?" போட்டது என்றேன். "அப்ப சரி சார்" என்றார்.

மாணவச் செல்வங்களே, வேகமாக ஓட்டத்தான் ஆசை என்றால் பைபாஸில் ஓட்டாதீர்கள். நம் ஊரிலேயே இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும் அதற்கென்று தடம் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்கும் முன் பேப்பரைப் பாருங்கள்.

சித்திரையில் ஊருக்கு வருகிறேன். புது வண்டி வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். இனிமேல் சாவியைத் தொட்டுக் கொடுப்பேன். டயர் தேதி பார்ப்பேன், ஹெல்மெட் எங்கே என்றும் கேட்பேன். இல்லாமல் வந்தால் பழைய சார்தான், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.