துன்னமும் தையலும்: குழந்தைச் சட்டையின் வேர் தேடி

குழந்தைகளுக்கு வீட்டிலேயே துணி தைக்கும் வழக்கம், பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து மகளுக்கும் இடையறாது கைமாறி வந்த மிகப் பழைய கைவினை என்றே தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் கருதப்படுகிறது. பிறந்த குழந்தைக்குத் தாத்தாவின் பழைய வேட்டியிலிருந்து ஜப்லா, நடக்கப் பழகிய பெண்குழந்தைக்குப் பாவாடை சட்டை, பள்ளிக்குப் போகும் பையனின் கால்சட்டைக் கிழிசலுக்கு ஒட்டு என்று, சமையலையும் துவைத்தலையும் போல அதுவும் வீட்டு வேலைகளுள் ஒன்றாகவே இருந்துவந்திருக்கிறது. ஆயினும் ஒரு குழந்தைச் சட்டையை எடுத்துவைத்துக்கொண்டு, அதன் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்கள் எங்கிருந்து வந்தவை என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினால், அந்த நம்பிக்கை ஓரிடத்தில் உறுதிப்படுவதையும் வேறோரிடத்தில் தளர்வதையும் காணலாம். இத்தேடல் அவ்வாறு சொற்களில் தொடங்கிப் பழம்பாடல்களுக்கும், அங்கிருந்து தென்கோடி ஊர்களின் பள்ளிக்கூடங்களுக்கும், இறுதியில் காலால் மிதிக்கும் மெஷினுக்கும் சென்றது.

முதலில் நிற்கும் சொல் ‘தையல்’. இதன் வேராகிய ‘தை’ என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, குத்தி நுழைதல், கோத்தல், மாலை தொடுத்தல், அணிசெய்தல், உருவாக்குதல் எனப் பல பொருள்களைத் தருகிறது; காலில் முள் தைத்தது என்று இன்றும் சொல்லும் சொல்லும் இதுவே. அணிசெய்தல் என்னும் பொருளிலிருந்து ‘தையல்’ அழகையும், அழகுடைய பெண்ணையும் குறித்தது. வைத்தீசுவரன் கோயில் அம்மனுக்கு வழங்கும் தையல்நாயகி என்ற பெயரில் உள்ளது இந்தப் பழம்பொருளே. தைப்பது பெண்ணின் வேலை ஆகையால் பெண்ணுக்குத் தையல் என்று பெயர் வந்தது என்று சொல்லப்படும் விளக்கம் கேட்பதற்கு இனிமையாக இருப்பினும், சொல்லின் வரலாறு அதற்கு இடந்தருவதில்லை. பெண்ணைக் குறித்த சொல்லும் ஊசி வேலையைக் குறித்த சொல்லும் ஒரே வேரிலிருந்து தனித்தனியே கிளைத்தவை.

துணி இல்லாமலே தைத்தல் இருந்தது என்பதும் இங்கே நினைவுகொள்ளத்தக்கது. சங்கப் பாடல்களில் இளம்பெண்கள் இடையில் உடுத்த ‘தழை’ என்பது இலையையும் பூவையும் தொடுத்துச் செய்த உடை ஆகும். புறநானூற்றின் 248ஆம் பாடலில், ஒக்கூர் மாசாத்தனார் படைத்த கைம்பெண் ஒருத்தி, சிறு பருவத்தில் தனக்குத் தழையாக உதவிய வெள்ளாம்பல், கணவன் இறந்தபின் நேரம் தப்பி உண்ணும் புல்லரிசியாகிவிட்டதை எண்ணி வருந்துகிறாள். ஒருத்தியின் குழந்தைப் பருவம் முழுவதையும் அவள் உடுத்த ஒன்றைக்கொண்டே நினைவுபடுத்தும் அப்பாடலைவிடக் குழந்தை உடை பற்றிய பழைய சான்று ஒன்றைத் தேடவேண்டியதில்லை. ஈர்க்கினால் இலைகளைக் கோத்து உண்கலமாக்கும் ‘தையல் இலை’ அந்தக் கைப்பழக்கத்தின் எச்சமாக இன்னும் நம்மிடையே இருக்கிறது.

துணியின்மேல் ஊசி ஓடியதைக் குறிக்கப் பழந்தமிழ் பெரிதும் ஆண்ட சொல் வேறு. அது ‘துன்னம்’ அல்லது ‘துன்னல்’. கிழிந்ததை இணைத்தல், ஒட்டுப் போடுதல் என்பது அதன் பொருள். கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில், வறுமையுற்ற கலைஞனாகிய பொருநனின் உடை, ஈரும் பேனும் குடியேறி, வியர்வையில் நனைந்து, தனக்குரியதல்லாத வேற்று இழைகள் ஊடே நுழைந்து கிடந்த துன்னல் கந்தலாக வருணிக்கப்படுகிறது. மன்னன் அதை நீக்கி அவனுக்கு அளிப்பதோ, இழை போன வழி கண்ணுக்குப் புலப்படாத, பாம்பின் தோலை ஒத்த ‘அறுவை’. அறுவை என்பது தறியிலிருந்து அறுத்தெடுத்த ஆடை; ‘துணி’, ‘துண்டு’ என்பனவும் துணித்தல், அதாவது வெட்டுதல் என்ற பொருளை உடையனவே. ஆகவே செல்வத்தின் அடையாளம் தையல் படாத முழு ஆடை, வறுமையின் அடையாளம் தையல் விழுந்த ஆடை என்ற ஒரு மதிப்பீடு அக்காலத்தில் இருந்தது புலனாகிறது. திருவாசகத்தில், துன்னம் இட்ட கோவணத்தை இறைவன் உடுத்தது ஏன் என்று மகளிர் தம்முள் வினவும்போது, அந்த வினாவின் கூர்மை இம்மதிப்பீட்டை அறிந்தவர்க்கே முழுதும் விளங்கும்.

இத்தேடலில் எதிர்ப்பட்டவற்றுள் மிகவும் நெஞ்சைத் தொடுவது புறநானூற்றின் 82ஆம் பாடல். சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி போரிட்ட விரைவைச் சொல்லவந்த சாத்தந்தையார், அதற்கு உவமையாகக் காட்டுவது கட்டிலுக்கு வார் பின்னும் ஒரு தொழிலாளியின் கை ஊசியை. ஊரில் விழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி. மழை பெய்துகொண்டிருக்கிறது, பொழுதும் சாய்கிறது. கையிலுள்ள கட்டிலை முடித்துவிட்டு அவன் வீட்டுக்குப் போகவேண்டும். புலவர் அவனைத் தாழ்த்திக் கூறும் சொல்லாலேயே குறிப்பிடுகிறார் என்பதை மறைப்பதற்கில்லை; எனினும் அரசனின் வீரம் அந்தப் பெயரற்றவனின் ஊசியைக்கொண்டே அளக்கப்படுகிறது. அந்த ஊசி கோப்பது துணியை அன்று, வாரை. ஆயினும் பிறக்கப்போகும் குழந்தைக்காக ஊசியை விரைந்து ஓட்டும் கை தமிழில் பதிவாகியிருக்கிறது என்பதும், அது ஓர் ஆணின் கை என்பதும், வீட்டுத் தையலின் வரலாற்றை எழுதுவோர் விட்டுவிடலாகாத செய்திகள்.

உடம்பின் அளவுக்கு வெட்டித் தைத்த சட்டை பழந்தமிழர்க்குத் தெரியாத ஒன்றன்று. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு, பாசறையில் காவல்புரிந்த யவனர் என்னும் அயல்நாட்டார் அணிந்திருந்த மேலாடையை ‘மெய்ப்பை’ என்கிறது. மெய்யை நுழைக்கும் பை என்ற அப்பெயரில், புதியதொன்றைக் கண்டவரின் வியப்பு இன்னும் உலராமல் இருக்கிறது. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளருள் ‘துன்னகாரர்’ என்னும் துணி தைப்பவரையும், ‘தோலின் துன்னர்’ என்னும் தோல் தைப்பவரையும் சிலப்பதிகாரம் பிரித்துக் கூறுவதால், தையல் அக்காலத்திலேயே நகரத்தின் தனித்தொழிலாக இருந்தமை உறுதி. பிற்காலத்தில் மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளின் தையல்காரர்கள் பாணர் என்ற பெயரால் அறியப்பட்டதை 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பு பதிவுசெய்கிறது. கந்தல் உடுத்து யாழோடு அலைந்த சங்கப் பாணரோடு இவர்களை இணைத்துப் பார்க்க மனம் விழைவது இயல்பே. ஆனால் பெயரொற்றுமை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அத்தகைய பாலத்தைக் கட்ட முடியாது.

இவ்வளவிலும் குழந்தையின் சட்டை எங்கும் தென்படவில்லை. குழந்தையை அணு அணுவாகப் பார்த்துப் பாடிய பிள்ளைத்தமிழ் நூல்களில் அரைஞாணும் சதங்கையும் ஐம்படைத்தாலியும், அதாவது திருமாலின் ஐந்து படைக்கலங்களின் வடிவில் செய்து கழுத்தில் கட்டும் காப்பணியும், ஓங்கி நிற்கின்றனவேயன்றித் தைத்த உடை அந்த இடத்தைப் பெறுவதில்லை. வெப்பநாட்டில் சிறு குழந்தைக்கு அரையில் ஒரு கயிறும் பெண்குழந்தையாயின் அரைமூடியும் போதுமானவையாக இருந்தன. பெரியவர்களும் புடவை, வேட்டி ஆகிய தைக்காத ஆடைகளையே உடுத்தினர். எனவே வீட்டிலிருந்த ஊசிக்கு வேலை கிழிசலை மூட்டுவதே ஆயிற்று. துன்னம் பழையது, வெட்டித் தைத்த குழந்தைச் சட்டை வீட்டுக்குள் வந்தது வெகுவாகப் பிந்தியது என்ற முடிவுக்கு இத்தேடல் இங்கே வந்துசேர்கிறது.

அந்தச் சட்டை வந்த வழியை அதன் உறுப்புகளே காட்டிக்கொடுக்கின்றன. ‘பொத்தான்’ போர்த்துக்கீசியச் சொல். 16ஆம் நூற்றாண்டில் கடல்வழி வந்தோரிடமிருந்து சாவி, ஜன்னல், மேஜை, அலமாரி ஆகியவற்றோடு தமிழுக்குள் நுழைந்தது. பொத்தானை நுழைக்கும் துளைக்குத் தையல்கடைகளில் வழங்கும் பெயர் ‘காஜா’. இதையும் இந்தியின் ‘காஜ்’ என்பதையும் போர்த்துக்கீசிய ‘காசா’ என்ற சொல்லிலிருந்து பிறப்பிப்பர். அம்மொழியில் காசா என்பது வீட்டையும் பொத்தான் துளையையும் ஒருங்கே குறிக்கும்; ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு வீடு. பின்னிய ஓரத்தைக் குறிக்கும் ‘ரேந்தை’ என்பதும் அவ்வழி வந்ததே. குழந்தையின் முதல் மேலாடையாகிய ‘ஜப்லா’ மராத்தி, இந்தி வழக்கிலிருந்தும், ‘சிம்மீஸ்’ பிரெஞ்சு மூலத்திலிருந்து ஆங்கிலத்தின் வழியாகவும், ‘கவுன்’ நேரே ஆங்கிலத்திலிருந்தும் வந்தவை. ஒரு சிறு குழந்தையின் துணிப்பெட்டிக்குள் இத்தனை மொழிகள் மடிந்து கிடக்கின்றன.

சொல் கடைத்தெருவின் வழியாக வந்தது என்றால், கைப்பழக்கம் பெருமளவில் பள்ளிக்கூடத்தின் வழியாக வந்தது. 1819இல் கணவர் சார்லஸ் மால்ட்டுடன் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட், இலண்டன் மிஷன் சார்பில் நடத்திய பெண்கள் விடுதிப்பள்ளியில் ரேந்தை பின்னுவதையும் ஊசி வேலையையும் கற்பித்தார். அவர் மகள் எலைசா, 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்தபின், அதே வேலையை இடையன்குடியில் தொடங்கினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய வீட்டிலேயே ஊசி வேலையும் ஒரு பாடமாக நடந்துகொண்டிருந்தது என்பது பலரும் கவனிக்காத செய்தி. நாகர்கோவில் இருந்த தென்திருவிதாங்கூரில் அது வெறும் கைவேலையாகவும் நின்றுவிடவில்லை. நாடார் முதலிய சாதிப் பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணிவதற்குத் தடை இருந்த அந்நாட்டில், குப்பாயம் என்னும் தைத்த மேற்சட்டை அணிந்த பெண்கள் தெருவில் தாக்கப்பட்டனர். பல்லாண்டுகள் நீடித்த தோள்சீலைப் போராட்டத்திற்குப் பின் 1859இல் வெளியான அரசாணை, அதுவும் உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான், அவர்கள் மேலாடை அணிய இசைந்தது. ஒரு மகளுக்குச் சட்டை தைத்துப் போடுவது அங்கே ஒரு தாய் எடுத்த துணிச்சலான முடிவாக இருந்தது. வீட்டுத் தையலை மென்மையான பொழுதுபோக்காக மட்டும் எழுதுவது இந்த வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும்.

அதன்பின் வந்தது மெஷின். தையல் மெஷினின் தோற்றம் பற்றி நம் நாட்டில் பரவிய கதை ஒன்று உண்டு: கையால் தைத்துக் களைத்த மனைவியின் மேலுள்ள அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது. இயந்திரங்களைப் பொதுவாக ஐயுற்ற காந்தியடிகள், 1924இல் நடந்த ஓர் உரையாடலில், தையல் மெஷினை விலக்காக ஏற்றுக்கொண்டபோது இக்கதையையே காரணமாகக் கூறினார். ஆனால் வரலாறு வேறு. எலையஸ் ஹோவ் 1846இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஐசக் சிங்கர் பாஸ்டன் நகரின் ஒரு பட்டறையில், பழுது பார்க்க வந்திருந்த மெஷின் ஒன்றைத் திருத்தியமைத்து, 1851இல் தம் காப்புரிமையைப் பெற்றார். அவரைச் செலுத்தியது வணிக நோக்கமே. கதை உண்மையன்று எனினும், மெஷின் ஏன் வீடுகளுக்குள் வரவேற்கப்பட்டது என்பதை அது சரியாகவே சொல்கிறது. 1877இல் இலங்கையில் கால்வைத்த சிங்கரும், 1930களில் கல்கத்தாவில் உருவான உஷாவும், பின்னாளில் மகளுக்குக் கொடுக்கும் சீர்வரிசையில் இடம்பெற்றன. தமிழக அரசு ஏழைப் பெண்களுக்குத் தையல் மெஷினை இலவசமாக வழங்கியதும், மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாகப் பள்ளிச் சீருடைகளைத் தைக்கச் செய்ததும் இதன் தொடர்ச்சியே. தன் குழந்தை உறங்கும் தூளிக்கு அருகில் உட்கார்ந்து ஊரார் குழந்தைகளுக்குச் சீருடை தைக்கும் பெண் அவ்வாறு உருவானாள்.

இத்தனை வழிகளில் வந்த கலையைக் குடும்பம் தன்னுடையதாக்கிக்கொண்ட விதம் தனியே பேசத்தக்கது. ஜப்லாவுக்குப் புதுத்துணி எடுப்பதில்லை. பலமுறை துவைத்துக் கஞ்சி போய் மென்மையான பழைய வேட்டியே குழந்தையின் தோலுக்கு ஏற்றது. மூட்டுத்தையல் உறுத்தாமலிருக்க அதை வெளிப்புறமாக விடுவர். பொத்தானுக்குப் பதில் நாடா வைப்பர். கந்தலைச் சேர்த்துத் தைத்த பழைய துன்னமும், வெட்டித் தைக்கும் புதிய தையலும் ஒரே துணியில் கூடுவது இங்கேதான்.

பெண்குழந்தையின் பாவாடையும் அத்தகையதே. பாவிய ஆடை, அதாவது விரித்த துணி என்பது அச்சொல்லின் பொருள். பெரியோர் நடந்துவரும் வழியில் விரித்த துணிக்கும், தெய்வத்தின்முன் படையலுக்காக விரித்த துணிக்கும் முன்பு வழங்கிய பெயர் அது. வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது இடுப்பிலும் பக்கங்களிலும் உள்ளே துணி விடுவதும், பாவாடையின் அடியில் இரண்டு மூன்று ‘டக்’, அதாவது கிடைமட்ட மடிப்புகள், பிடித்துவைப்பதும் எழுதாத விதி. ஆண்டுக்கொரு மடிப்பாகத் தையலைப் பிரித்து இறக்கிவிடும்போது, மடிப்புக்குள் ஒளிந்திருந்த துணி வெயிலும் சோப்பும் படாமல் வாங்கிய நாளின் நிறத்தோடு வெளிப்படும். பிரித்த இடத்தில் ஊசி சென்ற துளைகள் ஒரு கோடாக நிற்கும். எவ்வளவு துவைத்தாலும் எளிதில் மறையாத அந்தக் கோடுகளை அடியிலிருந்து மேலாக எண்ணி, இது பள்ளியில் சேர்த்த ஆண்டு, இது தம்பி பிறந்த ஆண்டு என்று தாய்மார்கள் சொல்வதுண்டு.