நாணைப் பேணுதல்

முதுமையிலும் உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் இரு இலக்குகளுக்கிடையே நடந்து நடந்து அம்பெய்து பழகினார்கள் என்ற செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. இந்த வயதில் ஏன் இத்தனை சிரமம் என்று ஒருவர் வினவியபோது, அம்பெய்தலைக் கற்ற பின் கைவிடுபவரைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கையையே காரணமாகக் கூறினார்கள். இதனைப் பாடமாக நடத்தும்போது, கைவிடுதலுக்கு உதாரணமாகச் சுவரில் மாட்டிவைத்த வில்லையே நாம் காட்டுவதுண்டு. அதில் முதலில் நலிவது நாண்.

உதுமானியர் வில்லைக் கொம்பு, மரம், தசைநார் மூன்றையும் பசையால் இணைத்துச் செய்தனர். நாணோ பட்டு. அதன் இரு முனைக் கண்ணிகளையும் தனியே செய்து முடிச்சிட்டனர். ஆகவே கண்ணி தேய்ந்தால் நாண் முழுவதையும் எறிய வேண்டியதில்லை. எவ்வளவு சிக்கனமான அறிவு!

நம்மிடம் உள்ளது அதே வடிவிலான கண்ணாடியிழை வில், நாண் டேக்ரான். நாணேற்றியதும் கைப்பிடியிலிருந்து நாண்வரையுள்ள இடைவெளியை அளந்து, வில் செய்தவர் கூறிய அளவோடு ஒப்பிடுவோம். புதிய நாண் நீளும், இடைவெளி குறையும். அப்போது நாண் மணிக்கட்டில் அடிக்கும், ஓசையும் மிகும். நாணை இறக்கி, ஒரு கண்ணியைக் கழற்றி, முன்பே உள்ள முறுக்கின் திசையில் மூன்று நான்கு சுற்று முறுக்கி, மீண்டும் ஏற்றி அளப்போம். அவசரப்பட்டு அதிகம் முறுக்கினால் வில் வீணே வருந்தும். நாண் உந்தும் தொலைவு குறைந்து அம்பின் வேகமும் தளரும். கண்ணிகள் குதையில் நேராக அமர்ந்தனவா, நாண் வில்லின் நடுவே ஓடுகிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

இழைகள் பஞ்சுபோல் எழுந்தால் தேன்மெழுகு தடவி, விரலால் தேய்த்துச் சூடேற்றினால் படிந்துவிடும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்த நாண் வேண்டாம். எய்யும்போது நாண் அறுவது, அம்பில்லாமல் நாணை விடுவதைப் போன்றது. வில் உடையலாம், பிள்ளையின் கண்ணுக்கும் ஆபத்து. ஆகவே நாணை விரலால் தடவிப் பார்க்காத மாணவருக்கு, எத்தனை கெஞ்சினாலும், நாம் அம்பு தருவதில்லை.

ஓர் அம்பின் பொருட்டு அதைச் செய்தவர், எய்தவர், எடுத்துக் கொடுத்தவர் மூவரும் சுவனம் புகுவர் என்ற கருத்தில் திர்மிதியில் ஓர் அறிவிப்பு உண்டு. “மெழுகு பூசுபவர் எதில் சேருவார், உஸ்தாத்?” என்று ஒரு சிறுவன் கேட்டான். ஃபத்வா கூற நாம் துணியவில்லை. மெழுகுக்கட்டியை அவனிடமே கொடுத்துவிட்டோம். அஸருக்குப் பாங்கு சொல்வதற்குள் இரண்டு வில்களின் நாண்களை முடித்திருந்தான்.