வீங்கிய காலும் தூங்காத இரவும்

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டேன் என்று சொன்னால், "எத்தனை மணி நேரம் ஆச்சு? எவ்வளவு செலவாச்சு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வருகிற ராத்திரிகளைப் பற்றி யாருமே கேட்பதில்லை. எனக்கோ ஆபரேஷனைவிட அந்த ராத்திரிகள்தான் பெரிய பாடாக இருந்தன. சகோதரிகளில் யாருக்காவது, அல்லது அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது நாற்பத்தாறு. சிவகாசியில் குடியிருக்கிறோம். என் கணவருக்குக் காலண்டர் அச்சகத்தில் வேலை. இரண்டு வருஷமாக எனக்கு வலது தொடையிடுக்கில் வலி. முதலில் மாடிப்படி ஏறும்போது மட்டும் இருந்தது. பிறகு தரையில் உட்கார்ந்து காய் நறுக்க முடியாமல் போயிற்று. எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்த டாக்டர், தொடை எலும்பின் தலைக்குப் போகிற ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு உள்ளுக்குள்ளேயே நொறுங்கிவிட்டது என்றார். ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் சாப்பிட்டவர்கள், மதுப்பழக்கம் உள்ளவர்கள், இடுப்பில் பலமாக அடிபட்டவர்கள் ஆகியோருக்கு இப்படி வரலாமாம். சிலருக்குக் காரணமே தெரியாமலும் வருமாம். நான் அந்தக் கடைசி ரகம்!

"புதுசா என்னத்தையோ வைக்கப் போறாங்களே" என்று நான் பயந்தது உண்மை. ஆனால் இது ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1962-ஆம் வருஷமே இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர், உலோகத்தில் ஒரு பந்தும், அது சுழல்வதற்குக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஒரு கிண்ணமுமாக வைத்துத் தைத்துக் காட்டிவிட்டார். இன்று வைக்கிற மூட்டுகளுக்கெல்லாம் அதுதான் மூத்த அக்கா. இதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. சென்ற ஐப்பசியில், தீபாவளி கழிந்த கையோடு மதுரையில் ஆபரேஷன் நடந்தது. மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைத்தார்கள். ஆறாம் நாள் வீடு வந்து சேர்ந்தோம்.

காலா, தடியங்காயா?

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் சாயங்காலம், என் வலது கால் தடியங்காய் மாதிரி வீங்கிவிட்டது. தொடையிலிருந்து முழங்கால் வரை நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. என் மகள் பார்த்துவிட்டு அழவே ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டரிடம் போனில் கேட்டோம். ஆபரேஷனில் சதையும் எலும்பும் பட்ட காயத்துக்கு உடம்பு நீரை அனுப்புகிறது. உள்ளே கசிந்த ரத்தம் மெல்ல மெல்லக் கீழே இறங்குவதால் முழங்கால், கணுக்கால் வரை கன்றல் தெரியும். இது பெரும்பாலோருக்கு வருவதுதான் என்றார். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகி இறுகித்தான் காலில் இருக்கிற ரத்தத்தை மேலே தள்ளுகிறதாம். நடை குறைந்தால் அந்த வேலையும் குறைந்து, நீர் காலிலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் காலையில் வற்றியிருக்கிற வீக்கம், உட்கார்ந்து எழுந்து நடமாடிய பிறகு சாயங்காலம் ஏறிவிடுகிறது. எங்கள் ஊர் வெயில் வேறு ரத்தக் குழாய்களை விரித்து வீக்கத்தைக் கூட்டும். கேட்கவா வேண்டும்!

நான் கடைப்பிடித்ததைச் சொல்கிறேன். ஒரே இருப்பாக அரை மணிக்கு மேல் நாற்காலியில் உட்காரவில்லை. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தரம், பாதத்தை முன்னும் பின்னுமாகப் பத்து முறை ஆட்டினேன். மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மல்லாந்து படுத்து, பாதம் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி தலையணை அடுக்கிக் காலைத் தூக்கி வைத்தேன். இதில் ஒரு சங்கதி உண்டு. முழங்காலுக்கு அடியில் மட்டும் தலையணையைச் செருகக் கூடாது. கால் மடங்கியே பழகிவிடும். கெண்டைக்கால் முழுவதையும் தாங்கும்படி வைக்க வேண்டும். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி, காயம் நனையாமல், தொடையில் கால் மணி நேரம் வைத்து எடுத்தேன். வெறும் ஐஸைத் தோலில் வைத்தால் தோல் வெந்துவிடும்.

எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தவர்கள்

எங்கள் தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் எண்ணெய்க் கிண்ணம்தான் முதலில் வரும். "வெளக்கெண்ணெயக் காய்ச்சி ஒரு கை நீவி விட்டா வீக்கம் ஓடிப்போயிரும்" என்று பக்கத்து வீட்டு அக்கா பாசமாகத்தான் வந்தார். என் மாமியார்தான் வாசலிலேயே மறித்துவிட்டார். "ஒன் பாசம் இருக்கட்டும் தாயி, டாக்டரு தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்று காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார்.

இது மிகவும் முக்கியம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குக் காலின் உள் நரம்பில் ரத்தம் கட்டிவிடலாம். நீவி விடும்போது அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ சில வாரங்களுக்குத் தருகிறார்கள். "வலிதான் இல்லையே" என்று அதை நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

மகளின் தையல் பெட்டியிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, தினமும் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பு, முழங்காலுக்குக் கீழே நாலு அங்குலம் தள்ளி இரண்டு கெண்டைக்காலையும் அளந்து ஒரு நோட்டில் குறித்து வந்தோம். பதினேழாம் நாள் விடிகாலையில் அளந்தபோது வலது கால் ஒரு அங்குலத்துக்கு மேலேயே பெருத்திருந்தது. ராத்திரி முழுவதும் படுத்திருந்தும் வற்றவில்லை. கெண்டைக்காலில் குடைகிற மாதிரி ஒரு வலி வேறு. காலண்டர் சீசன் ஆனதால் என் கணவர் ராத்திரி ஷிப்டுக்குப் போயிருந்தார். "அவர் வரட்டுமே" என்றேன். "அவன் வந்து என்ன, டாக்டரா பாக்கப் போறான்? கெளம்பு" என்று மாமியார் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பிவிட்டார். வழியெல்லாம் அவர் என் கையை விடவே இல்லை. எனக்குப் பிள்ளைகள் முகம்தான் கண்முன் வந்தது.

டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கட்டி இல்லை! வீண் அலைச்சல் கொடுத்துவிட்டோமோ என்று நான் தயங்கியபோது டாக்டர், "இப்படி நூறு பேர் சும்மா வந்துட்டுப் போகலாம்மா. வர வேண்டிய ஒருத்தர் வராம இருந்துடக் கூடாது" என்றார்.

ஆகவே, படுத்தும் வற்றாத வீக்கம், கெண்டைக்காலில் வலி, சூடு, சிவப்பு, தையல் போட்ட இடத்தில் சீழோ நீரோ கசிவது, காய்ச்சல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யோசிக்கவே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மரக்கட்டை மாதிரி ஒரு படுக்கை

இனி தூக்கத்துக்கு வருகிறேன். நான் பிறந்ததிலிருந்து ஒருக்களித்துப் படுத்தே பழகினவள். ஆபரேஷனுக்குப் பிறகோ மல்லாந்துதான் படுக்க வேண்டும், கால் மேல் கால் படக் கூடாது, இரண்டு காலுக்கும் நடுவே தலையணை இருக்க வேண்டும் என்றார்கள். பொருத்திய பந்து கிண்ணத்தை விட்டு நழுவாமல் இருப்பதற்காக இந்தக் கட்டுப்பாடு. எந்தப் பக்கமாக அறுத்தார்கள் என்பதைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் டாக்டர் சொல்வதே உங்களுக்குச் சட்டம்.

தரையில் பாய் விரிப்பதை மறந்துவிட வேண்டும். குழி விழுகிற நார்க்கட்டிலும் ஆகாது. உயரமான மரக்கட்டிலில் கெட்டி மெத்தை போட்டோம். கடையில் வாங்கிய தலையணை நழுவிக்கொண்டே இருந்ததால், மாமியார் தன் பழைய நூல் சேலையில் இலவம் பஞ்சை அடைத்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை நீளமாக ஒரு தலையணை தைத்துக் கொடுத்தார். அது நகரவே இல்லை.

முதல் இரண்டு வாரம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் தானாக விழிப்பு வந்துவிடும். டாக்டரைக் கேட்டு, ராத்திரி வலி மாத்திரையைப் படுப்பதற்கு அரை மணி முன்னால் சாப்பிடும்படி மாற்றிக்கொண்டேன். நாலு மணிக்கு மேல் காப்பி, டீ கிடையாது. தண்ணீரைப் பகலிலேயே நிறையக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு குறைத்துக்கொண்டேன். பகல் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்தினேன். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை கால்மிதியடிகளை எடுத்துவிட்டு, ஒரு சின்ன பல்பை எரியவிட்டோம். கக்கூஸில் குத்தவைத்து உட்காரவே கூடாது என்பதால் உயரமான கமோடு நாற்காலி வாங்கினோம். தூக்க மாத்திரையை நாமாகக் கடையில் வாங்கிப் போடுவது கூடவே கூடாது.

இத்தனை செய்தும் சில ராத்திரிகளில் தூக்கம் வராது. வலியைவிட மனசுதான் காரணம். தண்ணீர் பிடிப்பது யார், மகளுக்கு டிபன் கட்டுவது யார், அறுபத்தெட்டு வயசில் மாமியார் அடுப்படியில் நிற்கிறாரே என்று ஒரே குடைச்சல். ஒரு ராத்திரி அவரிடம் சொல்லியே விட்டேன். இருட்டில் சிரித்தார். "நாப்பது வருசம் தீப்பெட்டி ஒட்டினவ நானு. உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்காம ஒட்டுனேன். எனக்கு இந்தச் சோறாக்குறது ஒரு வேலையா? படுத்துக் கெடக்குறதுதான் இப்ப ஒன் வேல. அத ஒழுங்காச் செய்யி" என்றார். அன்றைக்கு விடியும் வரை தூங்கினேன் என்றால் நம்புவீர்களா?

ஆறு வாரம் ஆனதும் டாக்டர் அனுமதியோடு, தலையணையைக் காலிடுக்கில் வைத்து இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். அது ஒரு திருநாள் போல இருந்தது! மூன்றாம் மாதம் தொடை வீக்கம் வற்றிவிட்டது. பங்குனிப் பொங்கலுக்குக் கோயில் வரை கம்பில்லாமல் நடந்து போனேன். அன்று சாயங்காலம் கணுக்கால் கொஞ்சம் வீங்கியது. காலைத் தூக்கி வைத்துப் படுத்தேன், காலையில் காணோம்.

வீக்கம் சிலருக்கு ஆறு மாதம் வரைகூட எட்டிப்பார்க்கும் என்கிறார்கள். அதற்காக நடையை நிறுத்திவிடாதீர்கள். நடையும் ஓய்வும் மாறி மாறி இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், நாள் குறித்தவுடனேயே கட்டில், கமோடு, நீளத் தலையணை, ஒரு இஞ்ச் டேப் இவற்றைத் தயார் செய்துவிடுங்கள். முக்கியமாக, அவர் எழுந்து நடமாடும் வரை வீட்டு வேலையை யார் யார் பார்ப்பது என்று அவர் காதுபடவே பேசி முடித்துவிடுங்கள். பாதித் தூக்கம் அதிலேயே வந்துவிடும்.