எலி இல்லை, என் பல்லு

தை மாசம் கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டிட்டு மூணு ராத்திரி காவல் கிடந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா எடுக்க மாட்டாங்க. பகல்ல காய வைக்கிறது, பனிக்கு முன்னாடி தார்ப்பாய் போட்டு மூடுறது, இதுதான் வேலை. ரெண்டாவது ராத்திரி பக்கத்துக் குவியல்காரர் டார்ச்சோட வந்து தட்டி எழுப்பினார். "அண்ணே, உங்க நெல்லுல எலி கெடக்கு. நறநறன்னு கொறிக்குது." ரெண்டு பேரும் தேடினோம். எலியைக் காணோம். திரும்பப் படுத்தேன். கொஞ்ச நேரத்துல அவர் சிரிச்ச சத்தத்துலதான் முழிச்சேன். "அண்ணே, எலி உங்க வாயிலதான் இருக்கு."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னா சம்சாரம் சிரிக்கலை. "பத்து வருசமா நான் சொல்லலையா?"ன்னா. சொன்னாதான். நான்தான் ஒத்துக்கலை. எங்க பக்கம் பிள்ளைங்க பல்லைக் கடிச்சா வயித்துல பூச்சின்னு வேப்பங்கொழுந்தை அரைச்சு உருட்டிக் கொடுப்பாங்க. எனக்கும் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்த்தா. சத்தம் நிக்கலை. காலையில எந்திரிச்சா தாடை கனக்கும், நெத்திப்பொட்டு வலிக்கும். பித்தம்னு நானே பேர் வச்சுக்கிட்டேன்.

மாசியில ஒருநாள் கடவாய்ப் பல்லு துண்டா உடைஞ்சு வந்துச்சு. முறுக்கு தின்னு இல்லைங்க, இட்லி தின்னு.

டவுன்ல பல் டாக்டரம்மா, என் மக வயசுதான். விளக்கடிச்சுப் பார்த்துட்டு, "ஐயா, ரொம்ப வருசமா கடிக்கிறீங்க"ன்னாங்க. பல்லு மேல தட்டையா தேஞ்சிருக்காம், கன்னத்து உள்பக்கம் பல்லு அழுத்தின வெள்ளைக் கோடு இருக்காம். எனக்கு மாட்டுச் சந்தை ஞாபகம் வந்துச்சு. மாடு பிடிக்கப் போனா நாங்க உதட்டை இழுத்துப் பல்லைத்தான் பார்ப்போம். மாட்டுக்கு மேல முன்பல்லு கிடையாது, கீழ்ப்பல்லுதான் கணக்கு. ரெண்டு பல்லு, நாலு பல்லு, கடை முளைச்சது, தேஞ்சதுன்னு பார்த்தே வயசைச் சொல்லிடலாம். தரகர் சொல்றதெல்லாம் அப்புறம்தான். அன்னைக்கு நான்தான் மாடு.

பூச்சியான்னு கேட்டேன். அதுக்கு ஆதாரம் இல்லையாம். பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் வளர வளரத் தானா நின்னுடுமாம். பெரியவங்களுக்குக் கவலை, டீ, புகை, குடி இதெல்லாம் அதிகமாக்குமாம். அப்புறம் ஒண்ணு சொன்னாங்க: சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாதாம். உதடு மூடியிருக்கலாம், பல்லு விலகியிருக்கணும். எனக்கு 54 வயசு. வாயை மூடினா பல்லும் சேர்ந்துதான் இருக்கும்னு நெனச்சிருந்தேன். இதைப் படிக்கிற உங்க பல்லு இப்ப எப்படி இருக்குன்னு பாருங்க.

அன்னையிலேர்ந்து என்னை நானே கவனிச்சேன். மோட்டாருக்குக் கரண்ட் வராம வரப்புல நிக்கும்போது, கடன் வாங்கின எடத்துலேர்ந்து போன் வரும்போது, பல்லு ரெண்டும் பூட்டின மாதிரி இருக்கு. ராத்திரி மட்டும்னு நெனச்சது பகலெல்லாம் நடந்திருக்கு.

உடைஞ்ச பல்லுக்கு மேல மூடி போட்டாங்க. ராத்திரிக்கு, அச்செடுத்து ஒரு பிளாஸ்டிக் உறை செஞ்சு கொடுத்தாங்க. ரெண்டு மூட்டை நெல்லுக் காசு போச்சு. இது கடிக்கிறதை நிறுத்தாது, பல்லைத் தேய விடாம காக்கும், அவ்வளவுதான்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. மாட்டுக்கு லாடம் அடிக்கிற மாதிரின்னு புரிஞ்சுக்கிட்டேன். சாயங்கால டீயை விட்டேன். வெத்திலை பாக்கைக் குறைச்சேன், விட முடியலை. காலையில வெந்நீர்த் துணியைத் தாடையில வைக்கிறேன், வலிக்கு இதமா இருக்கு.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். மக கல்யாணத்துக்கு அடகு வச்ச நகை ஏலத்துக்கு வர்ற நிலைமையில இருந்துச்சு. சம்சாரத்துகிட்ட மறைச்சு வச்சிருந்தேன். சித்திரையில ஒருநாள் சொல்லிட்டேன். அழுவான்னு நெனச்சேன். "தெரியும். பல்லைக் கடிக்கிற நடுவுல ஏலம் ஏலம்னு நீங்கதான் உளறுறீங்களே"ன்னா. ரெண்டு பேருமா போய்ப் பேசி, வட்டியைக் கட்டி, நகையைத் திருப்பி வச்சோம். மீட்கலை இன்னும்.

இப்பவும் கடிக்கிறேன், உறையில ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கு. ஆனா முன்னைக்குச் சத்தம் குறைவுங்கிறா. நேத்து திண்ணையில உக்காந்து ஜூன் 12-ல மேட்டூரைத் திறப்பாங்களா, குறுவை போடலாமான்னு பேசிக்கிட்டிருந்தோம். பேச்சுக்கு நடுவுல என் கன்னத்தைத் தொட்டு "பல்லு"ன்னா. விலக்கிக்கிட்டேன்.