ஈரம் பட்ட மாதிரி

சமையல் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். 1914இல் பால் வால்டன் விவரித்த எத்தில் அம்மோனியம் நைட்ரேட் 12 டிகிரியிலேயே உருகும். அயனிகள் பெருத்துக் கோணலாக இருந்தால் வரிசையாக அடுக்க முடியாது. "நம்மள மாதிரி" என்றார் விடுதித் தோழர். சிரித்தோம்.

இந்த அயனித் திரவங்கள் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். வெற்றிடத்தில் உலர்த்தியதும் அகச்சிவப்புக் கருவியில் வைக்க வேண்டும். தாமதித்தால் 3400 அலையெண் அருகே தண்ணீரின் அகன்ற பட்டை எழும். கருவிப் பட்டியலில் நாங்கள் எப்போதும் கடைசி. "கோட்டாவுக்கு என்ன அவசரம்?" என்பார்கள். மாதிரி கெட்டால் பழி எங்கள் கைக்கு.

மூன்று மாதப் பட்டியலை நகலெடுத்துத் துறைத்தலைவர் மேசையில் வைத்தோம். அடுத்த வாரம் காலை 10 மணி கிடைத்தது. தண்ணீர்ப் பட்டை அடங்கியிருந்தது. இமிடசோலியம் வளையத்தின் ஹைட்ரஜன் பிணைப்பு 3100 அருகே தெளிவாகத் தெரிந்தது.