மழைக் கொழுந்துக்கு என்ன கணக்கு?

ஜூலை 14, திங்கள். ரிங்லெட், கேமரன் மலை.

தேயிலை நிறுவனம் அனுப்பிய தாளில் இரண்டே வரி. கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்கு சென்சர் பொருத்த வேண்டும். அளவுகள் மேலாளரின் கைப்பேசியில் தெரிய வேண்டும். எதற்காக என்பது அதில் இல்லை. பணம் போடும் நிறுவனங்கள் பெரும்பாலும் இப்படித்தான்: தீர்வை எழுதி அனுப்பிவிடுவார்கள், சிக்கலை மாணவர்கள் வந்து தேடிக்கொள்ள வேண்டும்.

தாப்பா சடக்கின் வளைவுகளில் வேனை ஓரங்கட்டி இருவர் வாந்தி எடுத்தார்கள். மாணவர்கள் மொத்தம் நால்வர். கிளந்தான் பெண் ஒருத்தி, ஈப்போச் சீனப் பையன், சபாக்காரன் ஒருவன், சுங்கை சிப்புட்டிலிருந்து நம் தமிழ்ப் பெண். அவள் பாட்டி பால்மரம் வெட்டியவர். தேயிலைத் தோட்டத்துக்குள் இவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

பொறியியல் பட்டத்துக்கு அங்கீகாரம் வேண்டுமானால் குறைந்தது 8 வாரத் தொழிற்பயிற்சி கட்டாயம். 2009இல் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரான பிறகு, நம் பட்டம் ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் சமமாக ஏற்கப்படுகிறது. அந்த மதிப்புக்காக நாங்கள் கட்டும் வாடகைகளில் இந்த 8 வாரமும் ஒன்று. விரிவுரையாளர் இரண்டொரு முறை எட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது நடைமுறை. அது எனக்குப் பிடிப்பதில்லை. இந்த வாரம் முழுக்க இங்கேதான்.

ஜூலை 16, புதன். தொழிற்சாலை.

வாட்டும் மாடியில் தொட்டிகள் வரிசையாக நீண்டு கிடக்கின்றன. அடியில் கம்பி வலை, ஒரு முனையில் ஆள் உயரக் காற்றாடி. வலைமேல் ஒரு சாண் உயரத்துக்குக் கொழுந்தைப் பரப்பிவிட்டு ராத்திரி முழுக்கக் காற்றை ஓட்டுகிறார்கள். மலைக்காற்று ராத்திரியில் ஈரமானது; ஈரக் காற்று இலையிலிருந்து எதையும் வாங்கிக்கொள்ளாது. அதனால் சூட்டுக் காற்றைக் கலக்க வேண்டும். எப்போது, எவ்வளவு என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. நன்றாக வாடாத இலையை உருட்டும் இயந்திரத்தில் போட்டால் சாறு ஒழுகிக் கட்டி கட்டியாக வரும், உலர்த்தும் அடுப்பு கூடுதலாக எரிபொருள் தின்னும். அதிகம் வாடியதோ முறுக்கேறாமல் நொறுங்கும்.

மாடிக்குப் பொறுப்பான பெரியவர் இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஓய்வு வயது கடந்தும் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள். அவருக்குக் கீழே வேலை செய்வோர் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும். எல்லோரிடமும் ஒரு மலாய் பேசுகிறார். அதில் பாதி தமிழ். அவர்கள் அதற்கே பழகிவிட்டார்கள்.

நம் பெண் நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் போய் நின்றாள். அவர் ஒரு பிடி இலையை அள்ளி அவள் கையில் வைத்தார்.

“நல்லா அமுக்கு பாப்பா. இப்ப விடு. பந்தா நிக்குதா?”

“இல்ல தாத்தா, பிரியுது.”

“பொலபொலன்னு பிரிஞ்சா இன்னும் நேரம் இருக்கு. காம்ப மடிச்சுப் பாரு. டக்குன்னு ஒடஞ்சா பச்சை. மடங்கணும், ஒடையக் கூடாது. மோந்து பாரு, புல்லு வாசம் போயி பழ வாசம் வரும். அப்பதான் எறக்கணும்.”

அவள் அதையெல்லாம் எழுதிக்கொண்டாள். பிறகு தங்கள் திட்டத்தைச் சொன்னாள். கேட்கச் சுத்தமாகத்தான் இருந்தது. பச்சைக் கொழுந்து 100 கிலோவில் ஏறக்குறைய 78 கிலோ தண்ணீர், மீதி 22 கிலோ சத்து. தண்ணீர் போகும், சத்து போகாது. ஆகவே எடையைப் பார்த்தாலே ஈரம் தெரிந்துவிடும். 100 கிலோ 66 ஆகக் குறைந்தால் அதில் தண்ணீர் 44 கிலோ, மூன்றில் இரண்டு பங்கு. அந்த இடத்தில் நிறுத்திவிடலாம். தொட்டியில் ஒரு மாதிரித் தட்டு, அதன் அடியில் எடை பார்க்கும் லோட் செல், அதிலிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி. அந்த 22 கிலோதான் கடைசியில் ஏறக்குறைய இருபத்திரண்டரை கிலோ தேயிலைத் தூளாகிறது. நாலரை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்று தோட்டத்தில் வாய்ப்பாடாகச் சொல்வதும் இதே கணக்குதான்.

பெரியவர் முழுக்கக் கேட்டார். தலையாட்டினார்.

“சரிம்மா. மழைக் கொழுந்துக்கு என்ன கணக்கு?”

ஈப்போப் பையன், அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றான். பெரியவர் மேலே கேட்கவில்லை. காற்றாடியைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜூலை 20, ஞாயிறு. பிரிஞ்சாங்.

மாணவர்கள் ஸ்ட்ராபெரி வாங்கப் போனார்கள். சுற்றிலும் தேயிலை மலை. ஒட்டுக்கடையில் எனக்குக் கிடைத்த தே தாரிக்கில் சுண்டக் காய்ச்சிய தூளும் கெட்டிப் பாலும்தான் தெரிந்தன. குறை சொல்லவில்லை, இரண்டு கிளாஸ் குடித்தேன்.

ஜூலை 31, வியாழன். கோலாலம்பூர்.

வாரக் கூட்டம் இணையத்தில் நடந்தது. திரையில் அழகழகான வளைகோடுகள். எடை இறங்க இறங்க ஈரம் இறங்குகிறது. கைப்பேசிக்குச் செய்தி வருகிறது. ஜூலை முழுக்க மலையில் மழை குறைவு. எல்லாம் பொருந்தி வருகிறது. நிறுவனத்தின் தொடர்பாளர் இரண்டாவது முறையாகக் கூட்டத்துக்கு வரவில்லை. ஆள் நல்லவர்தான், மூன்று தோட்டங்களுக்கு அவர் ஒருவரே.

மாணவரைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் இந்த ஏற்பாட்டின் பழைய கதையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வகுப்பறையையும் தொழிற்சாலையையும் மாற்றி மாற்றிப் படிக்க வைக்கலாம் என்று ஹெர்மன் ஷ்னைடர் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் 1906இல் தொடங்கினார். அது ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே வேலைக்குப் போகும் ஏற்பாடு. ஒரு நிறுவனத்தின் ஒரு சிக்கல், அதற்கு ஒரு மாணவர் அணி, செலவு நிறுவனத்துடையது என்கிற வடிவத்தைக் கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி 1963இல் ‘கிளினிக்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. மருத்துவ மாணவர் நோயாளியின் கட்டிலருகே கற்பதுபோல் பொறியியல் மாணவரும் கற்கட்டும் என்ற எண்ணம் பெயரிலேயே இருக்கிறது. அங்கே நிறுவனத்தின் பக்கம் ஒருவர் அணியோடு தொடர்ந்து பேச வேண்டும் என்பது ஏற்பாட்டிலேயே அடக்கம். பிலானியில் உள்ள பிட்ஸ் 1973இல் ‘பிராக்டிஸ் ஸ்கூல்’ தொடங்கியபோது, ஆசிரியரையும் மாணவரோடு தொழிற்சாலைக்கு அனுப்பியது.

இந்தக் கடைசி இரண்டு இடத்திலும் காசைவிட ஆளைப் பற்றித்தான் முதலில் யோசித்திருக்கிறார்கள். நம் ஊரில் காசுக்கு வழி இருக்கிறது. முறைப்படி பதிவுசெய்த பயிற்சித் திட்டத்தில் மாணவரைச் சேர்த்து அலவன்ஸ் கொடுத்தால் நிறுவனத்துக்கு இரட்டை வரிக்கழிவு உண்டு. தன் ஊழியர் ஒருவரின் வாரத்தில் அரை நாளை ஒதுக்கியதற்கு அப்படிக் கூடுதல் கழிவு இல்லை.

கேமரன் மலையின் தேயிலையே இப்படி ஒரு கூட்டில் பிறந்ததுதான். 1929இல் போ நிறுவனத்தைத் தொடங்கிய ஜே.ஏ. ரஸ்ஸல் வியாபாரி. அவரோடு சேர்ந்த ஏ.பி. மில்ன் சிலோனில் தேயிலை பார்த்துப் பழகியவர். காட்டை வெட்டிச் சாய்த்து நாற்று நட்ட தமிழர்களின் பெயர் அந்தக் கூட்டில் எழுதப்படவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன். தொழிற்சாலை.

ஐந்து நாளாக மத்தியானம் தவறாமல் மழை. மாணவர்களின் முகம் தொங்கிக் கிடக்கிறது. கைப்பேசி ‘இறக்கலாம்’ என்கிறது. பெரியவர் ஒரு பிடி அமுக்கிப் பார்த்து “இன்னும் பச்சை” என்கிறார். நேற்று ராத்திரி மேலாளர் கைப்பேசியை நம்பி ஒரு தொட்டியை இறக்கச் சொன்னார். உருட்டும் இயந்திரத்தில் சாறு ஒழுகியது.

காரணம் ஜூலையிலேயே சொல்லப்பட்டுவிட்டது. நனைந்து வரும் கொழுந்தில் இலைக்குள் இருக்கும் தண்ணீரோடு இலைமேல் ஒட்டிய தண்ணீரும் சேர்ந்து தராசில் ஏறுகிறது. 100 கிலோவில் 22 கிலோ சத்து என்ற அடித்தளமே ஆடிப்போகிறது.

பஞ்சும் வயரும் தேடி ஸ்டோருக்குள் நுழைந்த சபாக்காரப் பையன் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தான். உள்ளே சர்க்யூட் பலகை, துருப்பிடித்த பேட்டரி, வேறொரு பல்கலைக்கழகத்தின் ஒட்டுத்தாள். சில வருடங்களுக்கு முன் இன்னொரு மாணவர் அணி இதே தொட்டிகளுக்கு இதே வேலையைச் செய்திருக்கிறது! கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. அப்போது கூட இருந்த இன்ஜினியர் வேலையை விட்டுப் போய்விட்டார். அறிக்கை அலுவலக அலமாரியில் கிடந்தது. ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருந்ததால் அது பல்கலைக்கழக நூலகத்துக்கும் போகவில்லை.

கிளந்தான் பெண் அதைத் தரையில் உட்கார்ந்து படித்தாள். கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் விரலை வைத்து என்னிடம் நீட்டினாள். ‘மழை நாட்களில் அளவு பிழைபடுகிறது, எதிர்கால ஆய்வுக்குரியது.’

அந்த எதிர்காலம்தான் இங்கே ஈரச் சட்டையோடு நின்றுகொண்டிருக்கிறது. மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு அணியின் ஒரு பருவத்து உழைப்பு ஒரு வரியாகச் சுருங்கி, அந்த வரியும் பூட்டிய அலமாரிக்குள். இதற்கும் செலவுக் கணக்கு எழுதி வரிக்கழிவு வாங்கியிருப்பார்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு.

தீர்வு எளிது, அதனால்தான் மாணவர்களுக்கு முதலில் பிடிக்கவில்லை. தானா ராத்தாவில் ஒரு மைக்ரோவேவ் அடுப்பும் சமையலறைத் தராசும் வாங்கினார்கள். கொழுந்து வந்து இறங்கியதும் 100 கிராம் எடுத்து, எடை குறைவது நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக உலர்த்த வேண்டும். மிஞ்சுவது அன்றைய சத்து. நேற்றைய மழைக் கொழுந்தில் 18 கிராம்தான் மிஞ்சியது. அப்படியானால் 100 கிலோவை 66இல் நிறுத்தினால் ஈரம் 73 சதவீதம். 54 கிலோவரை இறங்கினால்தான் மூன்றில் இரண்டு பங்கு.

ஒவ்வொரு தொட்டிக்கும் அன்றைய இலக்கு எடையைச் சாக்பீஸால் பலகையில் எழுதினார்கள். சென்சர் அப்படியே இருக்கிறது. எந்த எண்ணில் மணியடிக்க வேண்டும் என்பதுதான் தினமும் மாறுகிறது.

பெரியவர் கடிகாரம் பார்க்காமல், பலகையையும் பார்க்காமல் மூன்று தொட்டியையும் கையால் அமுக்கிவிட்டு வந்தார். பலகையில் எழுதியது அவர் சொன்னதற்கு வெகு அருகில்.

“இது சரி. தெனம் சாயங்காலம் இதை யாரு செய்யுறது? நீங்க போயிருவீங்க. நான் எத்தனை நாளைக்கு?”

செப்டம்பர் 3, புதன். நிறுவன அலுவலகம்.

நிறைவு விளக்கவுரை. படக்காட்சி, கைதட்டல், மீ ஹூன். பொது மேலாளர் கைப்பேசித் திரையை இரண்டு தடவை கேட்டு வாங்கிப் பார்த்தார். எங்கள் மதிப்பெண் தாளில் புதுமைக்கு ஒரு கட்டம், குழுப்பணிக்கு ஒரு கட்டம், பேச்சுத் திறனுக்கு ஒரு கட்டம். செய்தது நாளைக்கும் ஓடுமா என்பதற்குக் கட்டம் இல்லை. அடுத்த துறைக் கூட்டத்தில் அதை வைக்கப் போகிறேன். ஏற்கெனவே கட்டங்கள் அதிகம் என்று யாராவது சொல்வார்கள்.

நம் பெண் மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றிச் சொன்னபோது அறையில் லேசாகச் சிரிப்பு. பொது மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

“இந்தப் பரிசோதனையை யார் செய்வது?” என்று மலாயில் கேட்டார்.

“அதைக் கேட்கத்தான் இந்தக் கடைசிப் படத்தை வைத்திருக்கிறோம்,” என்று அவளும் மலாயிலேயே சொன்னாள். படத்தில் ஒரு அட்டவணை: மாதிரி எடுக்க, உலர்த்த, பலகையில் எழுத எல்லாம் சேர்த்துத் தினம் 40 நிமிடம். பக்கத்தில் ‘பொறுப்பாளர்’ என்று ஒரு காலி இடம்.

ஐந்து நிமிடம் விவாதம். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு செய்யட்டும் என்றார் ஒருவர். அவர்கள் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார்கள். கொழுந்து நிறுக்கும் கிராணி செய்யலாம் என்றார் இன்னொருவர். பெரியவருக்குக் கீழே வேலை செய்யும் நேப்பாளி இளைஞன் ஒருவன் கடைசி வாரம் முழுக்க மாணவர்களோடு நின்று தராசு பிடித்தவன். அவன் பெயரைத் தொழிற்சாலை மேலாளர் சொன்னார். அவனுடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று மனிதவளத்திலிருந்து வந்தவர் கேட்டார். உடனே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இப்போதைக்கு அவன் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள். மாதம் எவ்வளவு ஓவர்டைம் ஆகும் என்று கணக்குப் பார்த்துச் சொல்வதாகவும் சொன்னார்கள். ரகசியக் காப்பில் சென்சர் பகுதி மட்டும் இருக்கட்டும், உலர்த்தும் முறையை நூலகத்தில் வைக்கிறோம் என்று கேட்டேன். சட்டப் பிரிவுக்கு எழுதச் சொன்னார்கள். மழைக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும் என்று வேன்காரர் அவசரப்படுத்தினார். கடிதத்தை வேனிலேயே எழுதி, தாப்பாவில் சிக்னல் கிடைத்ததும் அனுப்பினேன்.