மரை கழன்றவன் பேசுகிறேன்!

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



மலருக்குக் கட்டுரை கேட்டபோது ஆளுக்கு ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். ஒருவனுக்குக் காதல், ஒருவனுக்கு நட்பு, இன்னொருவனுக்கு வேலையில்லாத் திண்டாட்டம். எனக்கு மிஞ்சியது நட்டு! ஆமாம், கார் சக்கரத்தை ஹப்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் வீல் நட்டும், அது ஏறுகிற ஸ்டட்டும்தான். "இவனுக்கு மரை கழண்டுபோச்சுடா" என்று கடைசி பெஞ்சில் சிரிப்பது கேட்கிறது. தாராளமாகச் சிரியுங்கள். மரை கழன்றால் என்ன ஆகும் என்றுதான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் டிராக் ரேஸ் என்றால் என்ன? வளைவு, நெளிவு எதுவும் கிடையாது. நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர். இரண்டு கார்கள் நின்ற இடத்திலிருந்து பாய வேண்டும். முதலில் போய்ச் சேருகிறவன் ஜெயித்தான். கலிபோர்னியாவின் காய்ந்த ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் கார் ஓட்டிப் பார்த்ததில் இந்தப் பித்து வளர்ந்தது. 1951-ல் அதற்கென அமெரிக்காவில் தேசியச் சங்கமே தொடங்கிவிட்டார்கள். நம் கோவைக்கும் பந்தயம் புதிதல்ல. செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் டிராக்கே இருக்கிறது. ஆனால் ஒன்று, இதெல்லாம் அனுமதி பெற்ற இடத்தில் மட்டும்தான். பொது ரோட்டில் போட்டி போட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவு காத்திருக்கிறது!

என் பெரியப்பா மகனுக்கு இந்தப் பித்து உண்டு. பழைய ஹோண்டா சிட்டி ஒன்று வைத்திருக்கிறார். திங்கள் முதல் சனி வரை அது குடும்பக் கார். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, அண்ணியை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, கம்பெனிக்குப் போகும். வருஷத்தில் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது பந்தயக் குதிரை!

போன வருஷம் ஒரு போட்டிக்கு நான்கு நாள் முன்பு புது அலாய் வீல் மாட்டியிருந்தார். வீல் பிரேக் காலிப்பரில் உரசியதால், கடைக்காரர் நடுவில் 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் தட்டு வைத்துக் கொடுத்திருந்தார்.

"தம்பி, வந்து பாருடா, எப்படி நிக்குதுன்னு!"

பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. முன் சக்கரத்தில் ஒரு நட்டைக் கழற்றி, மறுபடி கையாலேயே மாட்டிச் சுற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்தாவது சுற்றில் நின்றுவிட்டது.

"அண்ணா, இது பத்தாதுங்கண்ணா."

"என்ன பத்தாது? டைட்டாத்தானே இருக்கு!"

பக்கத்தில் நின்ற அவர் நண்பர் சும்மா இருப்பாரா? "பாலிடெக்னிக் படிக்கறானில்ல, புஸ்தகத்துல இருக்கறத ஒப்பிக்கறான். மரை கழண்டவன்!" என்றார். அன்றிலிருந்து அதுவே என் பட்டப்பெயர்.

இதில் புஸ்தகக் கணக்கு ஒன்றும் பெரிதில்லை நண்பர்களே. அந்தக் காரின் ஸ்டட் எம்12 × 1.5. விட்டம் 12 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு நட்டு 1.5 மில்லிமீட்டர் ஏறும். விட்டத்தின் அளவாவது மரை கவ்வியிருக்க வேண்டும் என்பது பட்டறை விதி. அப்படியானால் குறைந்தது எட்டு சுற்று வேண்டும். ஸ்பேசர் தட்டு மூன்று சுற்றைத் தின்றுவிட்டது!

"ஆணியில் சட்டை தொங்குவதுபோல ஸ்டட்டில் கார் தொங்குகிறது" என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஸ்டட் ஒரு ஸ்பிரிங். நட்டை இறுக்கும்போது அது துளி நீளும். நீண்டது சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் வீலை ஹப்போடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் வண்டியை இழுக்கிறது.

கணக்கைப் பாருங்கள். அந்தக் காருக்குச் சொல்லப்பட்ட முறுக்கு 108 நியூட்டன் மீட்டர், அதாவது 11 கிலோ மீட்டர். அப்படி இறுக்கினால் ஒரு ஸ்டட்டில் சுமார் 4,500 கிலோ இழுப்பு. நாலுக்கும் சேர்த்து 18,000 கிலோ. உராய்வுக் கெழு 0.15 என்று வைத்தால் 2,700 கிலோ. ஸ்டட்கள் நடுவிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கின்றன. ஆக, தாங்கும் முறுக்கு 135 கிலோ மீட்டர். டயர் கேட்பது எவ்வளவு? ஆயிரம் கிலோ காரில் ஒரு முன் சக்கரத்தின் மேல் சுமார் 300 கிலோ. டயரின் பிடி முழுசாகக் கிடைத்து, ஆரம் 28 சென்டிமீட்டர் என்றால் 84 கிலோ மீட்டர். 135 எங்கே, 84 எங்கே, கவலையில்லை. ஆனால் இறுக்கம் பாதியாகக் குறைந்தால்? 67 தான். 84-ஐத் தாங்காது. கிளட்சை விட்ட நொடியில் வீல் ஹப்பின் மேல் நழுவும், ஸ்டட் வளையும்.

அண்ணன் சொன்னார்: "402 மீட்டர்தானேடா. பதினேழு பதினெட்டு செகண்டு. அதுக்குள்ள என்ன ஆயிடும்?"

நல்ல கேள்வி! இந்தக் கட்டுரையே அதற்குப் பதில்தான். அந்த டயர் ஒரு முறை உருண்டால் சுமார் 1.76 மீட்டர். 402 மீட்டருக்கு 228 சுற்று. திங்கட்கிழமை வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போய்வர 20 கிலோமீட்டர் என்றால் பதினோராயிரம் சுற்றுக்கு மேல்! லூசான வீலில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் ஒரு முறை வளைந்து நிமிரும். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே கதைதான். அடி படுவது ஞாயிற்றுக்கிழமை. ஒடிவது திங்கட்கிழமை. அன்றைக்கு வண்டியில் இருப்பது யார்?

வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று என் பையில் இருந்த பிட்ச் கேஜை எடுத்தேன். நாலு ஸ்டட்டில் மூன்றில் பல் கச்சிதமாக உட்கார்ந்தது. நாலாவதில் இரண்டு பல் உட்கார்ந்தது, மற்றவை ஏறி நின்றன. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன்.

"சந்து தெரியுதுங்களா அண்ணா? இந்த ஸ்டட் ஏற்கெனவே நீண்டுபோச்சு. இனி ஸ்பிரிங் மாதிரி திரும்பாது."

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. நண்பரும் பேசவில்லை. சரியான ஸ்டட் அந்த நான்கு நாளில் கிடைக்கவில்லை. கட்டின நுழைவுக் கட்டணம் போனது போனதுதான். ஒரு வாரம் அண்ணன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த வாரம் பாப்பா பழைய இரும்பு வீலில், முழு மரை கவ்விய புது ஸ்டட்டில் பள்ளிக்கூடம் போனாள். அது போதும்.

பிறகு இருவரும் சேர்ந்தே சாமான் வாங்கினோம். அப்போது பார்த்தவற்றைச் சொல்கிறேன். நாளை நம்மில் பாதிப் பேர் ஒர்க்ஷாப்பில்தானே நிற்கப் போகிறோம்!

மரை: ஹோண்டா, டொயோட்டாவுக்கு எம்12 × 1.5. மாருதியின் பல கார்களுக்கு எம்12 × 1.25. மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று ஏறும், பிறகு மரையைத் தின்னும்.

உட்காரும் இடம்: ஹோண்டாவின் சொந்த வீலுக்கு உருண்டை முகமுள்ள நட்டு. வெளியே வாங்கும் அலாய்க்குப் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. மாற்றிப் போட்டால் நூல் அளவுதான் தொடும். பிறகு அமுங்கி, இறுக்கம் போய்விடும்.

தரம்: 10.9 முத்திரை உள்ளதையே கேளுங்கள். 8.8 ஸ்டட்டில் எண்ணெய் தடவி அதே முறுக்குக் கொடுத்தால் அளவுக்கு மீறி நீண்டுவிடும். எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது, இழுப்பு கூடுகிறது. தயாரிப்பாளர் சொன்னால் தவிர, மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கட்டும்.

நீளம்: நீள ஸ்டட் நல்லது. ஆனால் தொப்பி போட்ட மூடிய நட்டு வேண்டாம். ஸ்டட்டின் நுனி தொப்பியில் முட்டிவிடும். டார்க் ரெஞ்ச் "டக்" என்று சொல்லும். வீல் மட்டும் இறுகியிருக்காது! இருபக்கமும் திறந்த எஃகு நட்டே சரி. ஸ்டட் வெளியே எட்டிப் பார்ப்பது கண்ணுக்குத் தெரியும். அலுமினிய நட்டு எடை குறைவு, அழகு, ஆனால் தினமும் ஓடும் வண்டிக்கு அதன் மரை தாங்காது.

பொருத்துவது: ஸ்டட்டின் கழுத்தில் உள்ள வரிப்பல்லை வெர்னியரில் அளந்து, பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். சுத்தியால் அடிக்காதீர்கள், பேரிங் போய்விடும். பிரஸ்ஸில் ஏற்றுங்கள். நட்டைக் குறுக்கும் நெடுக்குமாக, டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். ஏர் கன்னுக்கு அளவு தெரியாது. 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள்.

அடுத்த போட்டிக்கு அண்ணன் போனார். முதல் சுற்றிலேயே தோற்றார்! காரணம் ஸ்டட் இல்லை, எதிரில் நின்றது டர்போ கார். அன்று மாலையே நாலு வீலிலும் நட்டை அவரே டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார். என்னை மரை கழண்டவன் என்ற அந்த நண்பர் இப்போது மாதம் ஒரு முறை தன் காரைக் கொண்டுவந்து, "தம்பி, கொஞ்சம் பார்த்துடுப்பா" என்கிறார்.

நண்பர்களே, இன்ஜினைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. டர்போ, எக்ஸாஸ்ட், குதிரைத் திறன் என்று கதை கதையாய்ச் சொல்வார்கள். அத்தனை குதிரையும் ரோட்டுக்குப் போவது இந்த நாலு நட்டு வழியாகத்தான். நாளைக்கு யாராவது உங்களிடம் வண்டியைக் கொண்டுவந்தால் முதலில் நட்டைக் கையால் சுற்றி எண்ணுங்கள். எட்டு வரவில்லையா? யார் சிரித்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்!